தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு. வடசென்னையின் கானா, ராக், ராப் ஆகிய மூன்றையும் இணைத்துப் பாடும் இக்குழு 2017ஆம் ஆண்டின் இறுதியில் உருவானது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இதைத் தொடங்கின. சாதி ஒழிப்பை நேரடியாகப் பாடுபொருளாகக் கொண்டது இக்குழுவின் தனித்தன்மை.

பெயர்க் காரணம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் ‘சாதியற்ற தமிழர்’ எனப் பதிவு செய்யவேண்டும் என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வலியுறுத்தினார். அந்தச் சொல்லின் ஆங்கில வடிவமே குழுவின் பெயராயிற்று.

பின்னணி

துறைமுகம், பெரம்பூர் பின்னி ஆலை, ரயில்வே பணிமனை ஆகியவற்றில் வேலை தேடி வந்த மக்களால் வளர்ந்தது வடசென்னை. ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் போன்ற உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் கானா வாழ்ந்தது. இறந்தவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, விடிய விடியப் பாடும் மரண கானா இதில் முதன்மையானது. இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லியும் வாழ்வின் நிலையாமையைப் பாடியும் துக்கத்தை ஆற்றுவது அதன் வேலை. வாத்தியம் இல்லாவிட்டால் மேசையும் தீப்பெட்டியும்கூடத் தாளமாகும்.

இந்த மெட்டுகளை வெளியுலகுக்குக் கொண்டுசென்றது திரைப்படம். 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையில் பரவலாக்கினார். 2012இல் வெளியான ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடிய பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. ஆனால், திரைக்குள் நுழைந்த கானா பெரும்பாலும் காதல் தோல்வியையும் கேலியையுமே பாடியது. பாடகரின் தெருவும் அவர் பட்ட அவமானமும் பாட்டில் அரிதாகவே இடம்பெற்றன.

உலக இசை வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து பிறந்ததே ராக் அண்ட் ரோல். கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டனின் ‘ஹவுண்ட் டாக்’ 1953இல் வெளிவந்து வெற்றி பெற்றது. எனினும், 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய பிறகே அப்பாடல் உலகெங்கும் பரவியது. பலர் அதை அவருடைய பாட்டு என்றே நினைத்தனர். மெட்டு ஊரெல்லாம் சுற்றும். அதைப் பிறப்பித்தவர் வாசலிலேயே நிற்பார். அந்த நிலையை மாற்றும் முயற்சியாகவே காஸ்ட்லெஸ் கலெக்டிவைப் பார்க்கவேண்டும்.

முதல் நிகழ்ச்சி

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. அது மார்கழி மாதம்; மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக் கச்சேரிகள் நடக்கும் காலம். 19 கலைஞர்கள் ஒரே மாதிரியான கோட்டு சூட்டு அணிந்து மேடையேறினர். ஆயிரக்கணக்கானோர் கூடினர்.

பறை, தவில், சட்டி, கட்ட மோளம் ஆகியவை கித்தாருடனும் டிரம்ஸுடனும் ஒரே மேடையில் ஒலித்தன. இவற்றில் சட்டியும் கட்ட மோளமும் பெரும்பாலும் சாவு ஊர்வலத்தில் மட்டுமே மக்கள் கேட்டவை. சாவு மேளம் என ஒதுக்கப்பட்ட கருவியைக் கச்சேரிக் கருவியாக அமரவைத்ததே அன்றைய நிகழ்ச்சியின் முதல் செய்தி.

பாடல்கள்

இட ஒதுக்கீட்டின் நியாயத்தைப் பேசும் ‘கோட்டா’ பாடலும் அம்பேத்கரைப் போற்றும் ‘ஜெய்பீம்’ பாடலும் குழுவை அடையாளம் காட்டின. குழுவின் முதல் தொகுப்பான ‘மகிழ்ச்சி’ 2018இல் வெளிவந்தது. உணவு உரிமை, ஆணவக் கொலை, குடிசைகளை அகற்றுதல் போன்றவையும் பாடுபொருளாயின. இவை கடினமான செய்திகள். ஆனால் பாடல்களில் நையாண்டியும் துள்ளலும் குறையவில்லை. அழுகைக்கு நடுவே சிரிக்கவைக்கும் கானாவின் பழைய இயல்பு அது.

கலைஞர்கள்

தொடக்கக் குழுவின் ஒரே பெண் ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. ஆண்களின் கலையாகவே இருந்துவந்த கானாவில் அவர் வருகை குறிப்பிடத்தக்கது. 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். சபரிமலை தொடர்பாக 2018இல் அவர் பாடிய பாடலுக்கு எதிராக 2024 நவம்பரில் புகார்கள் எழுந்தன. அது கோயில் நுழைவு உரிமையைப் பற்றிய பாடல் என நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் அளித்தது.

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, இக்குழுவின் ராப் பாடகராக அறியப்பட்டார். 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில், பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ மூலம் உலகெங்கும் உள்ள தமிழரைச் சென்றடைந்தார்.

தாக்கம்

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவைத் தொடங்கியது. கானா, பறை, ஒப்பாரி, நாட்டுப்புறக் கலைஞர்கள் அதில் மேடை பெற்றனர். குழுவின் கலைஞர்கள் பலர் பின்னர் தனித்தனியாகவும் இயங்கத் தொடங்கினர்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவைக் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பிரபலமாக்கிய முதல் குழுவும் அதுவல்ல. கானா பாடியவர்களே தங்கள் சொற்களில், தங்கள் பெயரில், தங்கள் கருவிகளோடு பாடும் ஒரு மேடையை அது அமைத்தது. தமிழ் இசை வரலாற்றில் அதன் இடம் இதுவே.