விறகடுக்கும் வனவுரிமையும்

பொத்தானை அழுத்தி வெப்பம் பெறும் நகரவாசிகளாகிய நாம், விறகின் அருமையை எளிதில் உணரோம். இமயச் சாரலிலுள்ள குமாவோன் பகுதியில் அடுப்பே கணப்புமாகும். அங்குள்ள பெண்டிர் 'பாஞ்ச்' என வழங்கும் ஓக் மரத்தின் சுள்ளிகளைச் சுமந்து வந்து, பனிக்காலத்துக்கு முன்னரே உலர்த்தி, வீட்டின் கீழறையில் அடுக்குவது தொன்றுதொட்ட வழக்கம். ஈரவிறகு தன் நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தை இழந்து புகையை எழுப்பும். உலர்ந்த விறகோ உணவும் ஆக்கும், குளிரும் போக்கும்.

1911 முதல் 1917 வரை ஆங்கில அரசு அக்காடுகளைப் பெருமளவில் ஒதுக்கிக் கடுந்தடைகள் விதித்தது. அடுப்புக்குக் கொணர்ந்த சுமையும் குற்றமாயிற்று. 1921-இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். காடுகள் பல தீக்கிரையாயின. அதன்பின் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் பரிந்துரையால் தடைகள் தளர்ந்தன. 1931-இல் ஊராரே காட்டைப் பேணும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பெற்றன.

1974 மார்ச் 26 அன்று, அண்டைப் பகுதியான கார்வாலின் ரேணி கிராமத்தில், கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் திரண்டு, குத்தகைக்காரரின் ஆட்கள் மரம் வெட்டாதவாறு தடுத்து நின்றனர். ஊர்ப்புறத்தே காடு நிலைத்தாலன்றி வீட்டினுள்ளே விறகடுக்கு நிலையாது என்பதை, நாள்தோறும் சுமை சுமந்த அவர்களினும் நன்கறிந்தவர் யாவர்?