இரவில் மாறிய வாகனம்: ஓட்டோபைலட்டும் அதன் சாரதிகளும்

2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், தான் ஏற்கெனவே விற்றுவிட்ட மோட்டார் வாகனங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பின் வழியாகப் புதியதொரு மென்பொருளை அனுப்பத் தொடங்கிற்று. 7.0 எனப்பட்ட அம்மென்பொருட் பதிப்பைப் பெறும்பொருட்டு எவரும் தம் வாகனத்தைத் தொழிற்கூடத்துக்குக் கொண்டுசெல்லவில்லை. மாலையில் வீட்டு முற்றத்தில் நிறுத்திய வாகனம் காலையில் வேறொரு வாகனமாய் நின்றது. முதல்நாள்வரை சாரதியின் கைக்கு மாத்திரம் கட்டுப்பட்டிருந்த சுக்கான், மறுநாள் நெடுஞ்சாலையின் கோடுகளைத் தானே கண்டு திரும்பலாயிற்று. 2014 ஒக்டோபர் தொடக்கம் மொடல் எஸ் வாகனங்களிற் பொருத்தப்பட்டு வந்த கமராவும் றேடாரும் 12 மீயொலி உணரிகளும் எதற்காக வைக்கப்பட்டிருந்தன என்பது அன்றே முழுமையாக விளங்கிற்று. இவ்வசதிக்கு நிறுவனம் இட்ட பெயர் ஓட்டோபைலட் என்பதாகும்.

இப்பெயர் புதியதன்று. ஐந்து வயதிலே கண்பார்வையை இழந்த அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் டீட்டர், வாகனத்தின் வேகத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும் கருவியொன்றை அமைத்து 1950இல் ஆக்கவுரிமை பெற்றார். 1958இல் கிறைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் வாகனத்தில் அக்கருவியைப் பொருத்தி விற்றபோது அதனை ஓட்டோபைலட் என்றே அழைத்தது. பெயர் ஒன்றாயினும் இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு உண்டு. டீட்டரின் கருவி விற்கப்பட்ட நாளில் எவ்வாறு இயங்கிற்றோ அவ்வாறே, தேய்ந்து பழுதுறும் வரை இயங்கிற்று. அதனை வாங்கியவர் ஒருமுறை பழகிக்கொண்டாற் போதும். டெஸ்லாவின் சாரதியோ தமது வாகனத்தை மீண்டும் மீண்டும் கற்கவேண்டியவரானார். இந்நிலையின் விளைவுகளை, 2015 முதல் 2024 வரையான காலத்திற் சாரதிகள் ஒவ்வொரு புதுப்பித்தலையும் எதிர்கொண்ட முறையினூடாக நோக்குதல் தகும்.

முதலில் எழுந்தது மகிழ்ச்சியே. வாங்கிய பொருள் நாட்செல்ல மதிப்பிழக்கும் என்ற அனுபவத்துக்கு மாறாக, இங்கே பழைய வாகனம் புதிய ஆற்றலைப் பெற்றது. தாம் நாள்தோறும் செல்லும் வீதியில் முதல்வாரம் தடுமாறிய வாகனம் சில வாரங்களிற் சீராக ஓடியதாகச் சாரதிகள் பலர் கூறினர். ஆயின் அம்மகிழ்ச்சி எல்லைமீறவும் செய்தது. சுக்கானிலிருந்து கையெடுத்தும், சாரதியின் ஆசனத்தை விட்டுப் பின்னாசனத்துக்குச் சென்றும் எடுக்கப்பட்ட ஒளிப்பதிவுகள் யூடியூபில் வெளியாயின. நிறுவனத்தின் தலைவர் ஈலோன் மஸ்க் அவற்றைக் கண்டித்து, கட்டுப்பாடுகள் வரும் என அறிவித்தார். 2016 ஜனவரியில் வந்த 7.1ஆம் பதிப்பு, நடுப்பிரிப்பு இல்லாத வீதிகளிலும் குடிமனைப் பகுதிகளிலும், விதிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் மணிக்கு 5 மைல் என்ற எல்லையைத் தாண்டித் தானியங்கிச் சுக்கானைப் பயன்படுத்த முடியாதவாறு செய்தது.

சாரதிகள் இரண்டுபட்டனர். அறிவீனர் சிலரின் செயலால் அனைவருக்கும் இழுக்கு நேராதிருக்க இது வேண்டியதே என்றனர் ஒருசாரார். 2,500 டொலர் கொடுத்துப் பெற்றதொன்றைக் கேளாமலே குறைத்துவிட்டனர் என்றனர் மற்றையோர். இரண்டாவது கூற்றை வெறும் பிடிவாதமெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அதில் உண்மையுண்டு. கொடுத்தலும் எடுத்தலும் ஒரே வழியால் நிகழ்ந்தன. ஒக்டோபரில் அவ்வழியைப் போற்றியவர்கள் ஜனவரியிலேதான் அதன் மறுபக்கத்தைக் கண்டனர்.

அமெரிக்கச் சாரதிகள் கட்டுப்பாட்டை வெறுத்தமைக்கு இதனினும் பழைய சான்றொன்று உண்டு. 1974ஆம் ஆண்டுக்குரிய மொடல்களில், முன்னாசனப் பட்டியை அணிந்தாலன்றி இயந்திரம் தொடங்காதவாறு ஒரு பூட்டு அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. மக்களின் சினம் எத்தகையதெனின், அவ்வாண்டு ஒக்டோபரிலேயே காங்கிரஸ் அவ்விதியைச் சட்டத்தாலே நீக்கிற்று. அக்காலச் சாரதி தம் பிரதிநிதியிடம் முறையிட்டார்; அரசு இட்ட விதியை அரசே எடுத்தது. 2016இன் சாரதிக்கோ முறையிடுவதற்கு நிறுவனமே இருந்தது, விதித்ததும் அந்நிறுவனமே.

2016 மே 7ஆந் திகதி புளோரிடா மாநிலத்தின் வில்லிஸ்டன் அருகே, ஓட்டோபைலட் இயங்கிய நிலையிற் சென்ற மொடல் எஸ் ஒன்று, குறுக்கே திரும்பிய பாரவூர்தியின் இழுவைப் பெட்டியில் மோதிற்று. அதன் சாரதி உயிரிழந்தார். வாகனமும் பிரேக் இடவில்லை, சாரதியும் இடவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2017 செப்டெம்பரில் அளித்த முடிவு, வழிவிடத் தவறிய பாரவூர்திச் சாரதியையும் தானியங்கியின்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்த வாகனச் சாரதியையும் ஒருங்கே காரணமாகக் காட்டிற்று. அத்தகைய நம்பிக்கைக்கு இடமளித்த அமைப்புமுறையையும் அது சுட்டத் தவறவில்லை. ஓட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில், சாரதியின் கை சுக்கானில் இருந்ததாகப் பதிவானது 25 வினாடிகளே.

இவ்விபத்தின் பின்னர், 2016 செப்டெம்பரில், 8.0ஆம் பதிப்பு வந்தது. கமராவுக்குத் துணையாயிருந்த றேடார் இப்பதிப்பில் முதன்மையான உணரியாக உயர்த்தப்பட்டது. எச்சரிக்கையை மீளமீளப் புறக்கணிக்கும் சாரதிக்கு, வாகனத்தை நிறுத்தும்வரை தானியங்கிச் சுக்கான் மறுக்கப்பட்டது. இதற்குச் சாரதிகள் சிலர் கண்ட மாற்றுவழி விந்தையானது. கை இருப்பதைச் சுக்கானின்மேல் விழும் சிறு விசையாலேயே வாகனம் அறிந்தமையால், சுக்கானின் இடைவெளியில் ஒரு தோடம்பழத்தைச் செருகி அதனை ஏமாற்றினர். அதே பணிக்கெனப் பாரமொன்று செய்து விற்கப்பட்டது. 2018 ஜூனில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அவ்விற்பனையை நிறுத்துமாறு பணித்தது.

மறுபுறத்திற் புதுப்பித்தல் வரவில்லையே என்ற குறையும் எழுந்தது. 2016 ஒக்டோபர் தொடக்கம் 8 கமராக்களுடன் வெளிவந்த வாகனங்கள், முந்திய வாகனங்களில் இருந்த வசதிகள் சில இல்லாமலே விற்கப்பட்டன. தானாகப் பிரேக் இடும் அவசர வசதி வந்துசேர ஏறக்குறைய 6 மாதங்கள் சென்றன. உரிமையாளர்கள் 2017இல் வழக்குத் தொடர்ந்தனர். 2018 மே மாதத்து இணக்கப்படி ஒருவருக்கு 20 முதல் 280 டொலர் வரை கிடைப்பதாயிற்று.

எனினும் சாரதிகளின் மனநிலையைத் தெளிவாகக் காட்டுவது 2021இன் நிகழ்ச்சியே. அவ்வாண்டு மே மாதத்தில், வட அமெரிக்காவுக்கான மொடல் 3, மொடல் வை வாகனங்களில் றேடார் இனிப் பொருத்தப்படாதென நிறுவனம் அறிவித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் முதன்மை பெற்ற உணரி இப்போது வேண்டாததாயிற்று. பின்னர் றேடார் இருந்த வாகனங்கள் பலவற்றிலும் மென்பொருள் அதனைக் கைவிட்டது. கருவி வாகனத்தினுள்ளே இருந்தது. அதன் பயன் மாத்திரம் இல்லாதொழிந்தது. காரணமின்றித் திடீரெனப் பிரேக் பிடிக்கும் நிகழ்ச்சிகள் பெருகின. வெறும் வீதியில், எதிரே எதுவுமில்லாதபோது, மணிக்கு 70 மைல் வேகத்திற் செல்லும் வாகனம் சடுதியாகத் தளர்ந்தால் பின்னால் வருபவரின் கதி யாது? வொஷிங்டன் போஸ்ட் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட கணக்கின்படி, முந்திய 22 மாதங்களில் 34 ஆக இருந்த இத்தகைய முறைப்பாடுகள் பின்வந்த 3 மாதங்களில் 107 ஆயின. அம்மாதமே மேற்குறித்த நிர்வாகம், 9 மாதங்களிற் பெற்ற 354 முறைப்பாடுகளை முன்வைத்து, ஏறத்தாழ 4,16,000 வாகனங்கள் குறித்து விசாரணை தொடங்கிற்று.

பிரேக் தவறாகப் பிடிப்பது அதற்கு முன்னரும் இருந்ததே. மேம்பாலத்தின் நிழலிலும், வீதிக்கு மேலே தொங்கும் பலகையின் முன்னிலையிலும் பழைய வாகனங்களும் தயங்கின. ஆனால் எவ்விடத்தில் அது தயங்கும் என்பதைச் சாரதி அறிந்திருந்தார். அவ்விடத்தை அணுகும்போதே அவரது கால் முடுக்கியை நாடிற்று. குறையுள்ள இயந்திரத்தோடும் மனிதன் இணங்கி வாழ்வான், அதன் குறை இன்னதெனத் தெரிந்திருக்குமாயின். புதுப்பித்தல் பறித்தது அவ்வறிவையே. வீதியிற் பட்டறிந்து பெற்ற அவ்வறிவு எந்த விளக்கக் குறிப்பிலும் எழுதப்பட்டதன்று. அதனால் அதன் இழப்பும் எக்குறிப்பிலும் இடம்பெறவில்லை.

பிரித்தானிய உளவியலாளர் லிசான் பெயின்பிறிட்ஜ் 1983இல் எழுதிய, தானியக்கத்தின் முரண்கள் பற்றிய கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. எளிய வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்து, அதனாற் கையாளமுடியாத கடினமானவற்றை மனிதனுக்கு விட்டுவைக்கிறோம்; ஆனால் இடையறாது கண்காணித்தல் மனிதனுக்கு ஒவ்வாத தொழில், பயிற்சியின்றேல் அவன் திறனும் மங்கும் என்பது அவர் வாதம். தொழிற்சாலைகளை நோக்கி எழுந்த இவ்வாதம் வீதிக்கும் பொருந்தும். ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் கருதிய தொழிலாளி நெடுங்காலம் பழகிய இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். டெஸ்லாவின் சாரதிக்கு அவ்வாய்ப்பும் இல்லை. சட்டத்தின் கண்ணில் வாகனத்துக்குப் பொறுப்பாளர் அவரே. அதன் இயல்பைத் தீர்மானிப்போர் வேறிடத்தில் உள்ளனர்.

இம்முரண் 2021 ஒக்டோபரில் வெளிப்படையாயிற்று. முழுத் தானியக்கம் எனப் பெயர்பெற்ற பரீட்சார்த்த மென்பொருளின் 10.3ஆம் பதிப்பு, வந்த மறுநாளே மீளப்பெறப்பட்டது. வாகனத்தின் கணனியிலுள்ள இரு சில்லுகளுக்கிடையே தொடர்பு அறுந்தமையால், மோதல் எச்சரிக்கை பொய்யாக ஒலித்தது. சில வாகனங்கள் தாமே பிரேக் இட்டன. 11,704 வாகனங்கள் மீளழைக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. 2022 தொடக்கத்திலே மேலும் 53,822 வாகனங்கள் அவ்வாறு பதிவாயின. நிறுத்தற் குறியில் முழுதும் நில்லாது மெல்ல உருண்டு செல்லும்படி அவற்றின் மென்பொருள் அமைந்திருந்ததே காரணம். மனிதச் சாரதிகள் அன்றாடம் செய்வதையே இயந்திரமும் செய்தது, இதிற் குற்றமென்ன என்று வாதிட்டோரும் இருந்தனர்.

மீளழைப்பு என்ற சொல்லே தகராறுக்குரியதாயிற்று. அனுப்பப்பட்ட மென்பொருளாற் குறை தீர்கையில், எவ்வாகனமும் திரும்பிச் செல்லாதபோது, அச்சொல் காலத்துக்கு ஒவ்வாது என மஸ்க் 2023இல் மறுத்தார். பொருளளவில் அவர் கூற்றிற் சிறிது நியாயம் உண்டு. ஆயினும் அச்சொல்லுடன் சட்டம் வருகிறது. குறை யாது, எத்தனை வாகனங்களில் உள்ளது என்பதை எழுத்தில் அறிவிக்கவேண்டிய கடமை வருகிறது. அச்சொல்லின்றேல், தம் வாகனம் நேற்றுவரை குறையுடையதாயிருந்தது என்பதைச் சாரதி எவ்வாறு அறிவார்?

2023 டிசெம்பரில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் மீளழைக்கப்பட்டன. அமெரிக்காவில் ஓட்டோபைலட் வசதியுடன் விற்கப்பட்ட வாகனங்கள் அனைத்தும் என்றே கூறலாம். எச்சரிக்கைகள் அடிக்கடி வருகின்றன, சிறிது நேரங்கூட அமைதியில்லை எனச் சாரதிகள் பலர் சலித்துக்கொண்டனர். 2024 ஏப்ரிலிற் பாதுகாப்பு நிர்வாகம் அத்தீர்வு போதுமானதா என ஆராயத் தொடங்கியபோது ஒன்றைக் குறிப்பிட்டது: சேர்க்கப்பட்ட கட்டுப்பாட்டின் ஒரு பகுதியைச் சாரதி தாமாக விரும்பி ஏற்கவேண்டியிருந்தது, ஏற்றபின் எளிதில் நீக்கிவிடவும் முடிந்தது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் வந்த 12.4ஆம் பதிப்பு, முழுத் தானியக்க மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குச் சுக்கானிற் கைவைக்குமாறு நச்சரிக்கும் எச்சரிக்கையை நீக்கிற்று. அதற்கீடாக வாகனத்தின் உட்கமரா சாரதியின் கண்களை நோக்கியது. எட்டாண்டுகளாக வேண்டியது கிடைத்ததெனப் பலர் மகிழ்ந்தனர். கறுப்புக் கண்ணாடி அணிந்த சாரதிகளுக்கு அச்சலுகை முதலிற் கிட்டவில்லை. அடுத்த முறைப்பாடு அதுபற்றியதாயிருந்தது.