காப்புநகல் – வரலாறும் தேவையும்

ஒரு கணினிக் கோப்பின் மறுபடியை, மூலக் கோப்பு இருக்கும் கருவியிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் சேமித்து வைப்பது காப்புநகல் எனப்படும். பேச்சு வழக்கில் இதனைப் 'பேக்கப்' என்பர். கதை, கவிதை, ஆய்வேடு, ஓவியம், இசை, ஒளிப்படம் என இன்று உருவாகும் படைப்புகளில் பல, முதலில் கணினியிலோ கைப்பேசியிலோதான் பிறக்கின்றன. அவற்றுக்குக் கையெழுத்துப் படி என்று ஒன்று இருப்பதில்லை. கருவி பழுதானால் படைப்பும் உடன் போய்விடுகிறது. விலைக்கு வாங்கிய மென்பொருளை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இரண்டாண்டு உழைத்து எழுதிய நாவலை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

காப்புநகல் என்ற சொல் புதியது. அதன் பின்னுள்ள கருத்து பழையது. ஒரு படைப்பு எவ்வளவு உறுதியான பொருளில் எழுதப்பட்டது என்பதைவிட, எத்தனை படிகளாக, எத்தனை இடங்களில் இருந்தது என்பதே அதன் ஆயுளை முடிவு செய்துள்ளது. ஓலை, தாள், காந்தத் தட்டு என்று எழுதும் பொருள் மாறியபோதும் இந்த உண்மை மாறவில்லை.

ஓலைச்சுவடிக் காலம்

தமிழ் நூல்கள் பல நூற்றாண்டுகள் பனையோலையில் வாழ்ந்தன. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் ஓலைக்குக் கரையானும் பூச்சியும் பகை. நன்கு பேணினாலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் ஓர் ஏடு நிலைப்பது அரிது. ஆகவே ஏடு சிதைவதற்கு முன்பே அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைப்பார்கள். இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. புதிய படி எழுதிய பின் பழையதை விட்டால் இழப்பில்லை. படியெடுக்கும் பழக்கம் தளர்ந்து, ஆற்றில் விடும் பழக்கம் மட்டும் தொடர்ந்தபோது நூல்கள் அழிந்தன.

ஐம்பெருங்காப்பியங்கள் இதற்குச் சான்று. அவற்றுள் வளையாபதி, குண்டலகேசி ஆகிய இரண்டும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வளையாபதியில் 72 பாடல்களும் குண்டலகேசியில் 19 பாடல்களுமே இன்று நம் கையில் உள்ளன. அவையும் அந்நூல்களின் சொந்த ஏடுகளிலிருந்து வந்தவை அல்ல. புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவரும், பிற நூல்களுக்கு உரை எழுதியவர்களும் ஆங்காங்கே எடுத்தாண்டதால் தப்பியவை. மூலம் அழிந்தது, வேறோர் இடத்தில் எழுதி வைக்கப்பட்ட பகுதி மட்டும் பிழைத்தது.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் பதிப்பித்தார். அவர் ஊர் ஊராகச் சென்று தேடியது ஒரு நூலுக்கு ஓர் ஏட்டை அன்று. கிடைத்த அளவு பல ஏடுகளை. ஓர் ஏட்டில் ஓலை முரிந்திருந்தால் மற்றோர் ஏட்டில் அந்த இடம் இருக்கும். ஒன்றில் எழுதியவர் செய்த பிழையை வேறொன்றுடன் ஒப்பிட்டால் கண்டுகொள்ளலாம். பல படிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்ததே அந்நூல்களைக் காத்தது.

தாள் காலத்துப் பாடங்கள்

தாளும் அச்சும் வந்த பின் அச்சேறிய நூலுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. நூற்றுக்கணக்கான படிகள் ஒரே நாளில் ஊர்களுக்குப் பரவின. ஆனால் அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப்படி ஒன்றே ஒன்றாக இருக்கும் காலம் மிகவும் ஆபத்தானது.

தாமஸ் கார்லைல், பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலின் முதல் பாகத்தைப் படித்துப் பார்க்கும்படி நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்திருந்தார். 1835ஆம் ஆண்டில் அது தவறுதலாகத் தீக்கு இரையானது. வீண்தாள் என்று கருதிப் பணிப்பெண் அதை அடுப்பில் இட்டதாகச் சொல்லப்படுகிறது. கார்லைலிடம் வேறு படி இல்லை. அவர் முதலிலிருந்து மறுபடியும் எழுதினார். நூல் 1837இல் வெளிவந்தது. அவருக்கு அந்த மனவலிமை இருந்தது. எல்லோருக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் இழப்பு வேறொரு வகையானது. 1922 டிசம்பரில் அவர் செய்தியாளராக லோசான் நகரில் இருந்தார். அவருடைய மனைவி ஹேட்லி, கணவரின் கையெழுத்துப்படிகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு பாரிசிலிருந்து புறப்பட்டார். ரயில் நிலையத்தில் அந்தப் பெட்டி திருடு போயிற்று. ஹெமிங்வேக்குப் படி எடுக்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. தட்டச்சுப் பக்கங்களுக்குக் கரித்தாள் படிகள் இருந்தன. ஆனால் அவையும் அதே பெட்டியில் இருந்தன. பதிப்பாசிரியர் ஒருவருக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்த கதை தப்பியது. இரண்டு படிகள் ஒரே இடத்தில் இருந்தால், ஆபத்து நேரும்போது அவை ஒரு படிக்குச் சமம்.

தனி மனிதருக்கு நேர்வது சமுதாயத்துக்கும் நேரும். 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு நூலகங்களிலும் படி இருந்த நூல்களை மீண்டும் சேர்க்க வழி இருந்தது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளுக்கும் பழைய இதழ்களுக்கும் அந்த வழி இல்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில், தன்னார்வலர்களின் உழைப்பால் மதுரைத் திட்டம் தொடங்கியிருந்தது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யாவரும் பதிவிறக்கிக்கொள்ளுமாறு அது வழங்குகிறது. பதிவிறக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு படி சேர்கிறது.

கணினியின் வருகை

1951இல் வந்த யுனிவாக் கணினி, தகவலைக் காந்த நாடாவில் எழுதியது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வட்டுகளில் தகவலைச் சேமிக்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. 50 பெரிய தட்டுகள் கொண்ட அந்தக் கருவியில் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்றைய ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டின் முன்னோடி அதுவே.

வன்தட்டில் தட்டு வேகமாகச் சுழல, அதன்மேல் மிக நுண்ணிய இடைவெளியில் படிக்கும் முனை நகர்கிறது. அதிர்ச்சியால் முனை தட்டில் உரசினால் அந்த இடத்துத் தகவல் அழியும். சுழலும் பாகம் இல்லாத புதிய திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கு இந்த இடர் இல்லை. ஆயினும் அவையும் முன்னறிவிப்பின்றிச் செயலிழப்பது உண்டு. எந்தச் சேமிப்புக் கருவியும் ஒரு நாள் பழுதாகும் என்பதைக் கணினித் துறையினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

எனவே பெரிய கணினி நிலையங்களில் காந்த நாடாக்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்தினர். அதற்குப் 'பாட்டன், தந்தை, மகன்' முறை என்று பெயர். நாள்தோறும் எடுக்கும் நாடா மகன். வாரந்தோறும் எடுப்பது தந்தை. மாதந்தோறும் எடுப்பது பாட்டன். ஒரு பிழை கோப்பில் நுழைந்தது பத்து நாள் கழித்துத் தெரியவந்தால் மகன் நாடாக்களிலும் அப்பிழை ஏறியிருக்கும். அப்போது பழைய தலைமுறை நாடா கைகொடுக்கும். காப்புநகலுக்கு இடம் மட்டுமன்றிக் காலமும் முக்கியம் என்பதை இம்முறை காட்டியது.

வீட்டுக் கணினிகள் பரவியபோது நெகிழ்வட்டு, குறுவட்டு, பென் டிரைவ், வெளி வன்தட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் வந்தன. அலுவலகங்களில் காப்புநகல் எடுப்பது ஒருவருடைய வேலையாக இருந்தது. வீட்டில் அது யாருடைய வேலையும் இல்லை.

சோதிக்கப்படாத காப்புநகல்

பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் அசைவூட்டத் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டு நிகழ்ச்சி கணினி வரலாற்றில் புகழ்பெற்றது. தவறாக இடப்பட்ட ஒரு கட்டளை, படத்தின் கோப்புகளை வரிசையாக அழிக்கத் தொடங்கியது. பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதாபாத்திரங்களின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கணினிகளை அவசரமாக நிறுத்துவதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

நிறுவனத்தில் காந்த நாடாக் காப்புநகல் இருந்தது. ஆனால் அதிலிருந்து மீட்க முயன்றபோதுதான், அது சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர்களுள் ஒருவரான கேலின் சஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிவந்தார். அதற்காக அவருடைய வீட்டுக் கணினியில் படக் கோப்புகளின் ஒரு படி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளால் சுற்றிக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தனர். பல நாள் கோப்புகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். பின்னர்க் கதை பெருமளவு மாற்றியமைக்கப்பட்டு, படம் 1999இல் வெளிவந்தது.

அன்று உதவியது திட்டமிட்டு எடுத்த காப்புநகல் அன்று; தற்செயலாக வேறு வீட்டில் இருந்த ஒரு படி. காப்புநகல் இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு. அதைத் திறந்து பார்த்து உறுதி செய்வது வேறு.

இணையமும் மேகக் கணிமையும்

இணையம் வளர்ந்த பின், கோப்புகளைத் தொலைவிலுள்ள நிறுவனக் கணினிகளில் வைக்கும் மேகக் கணிமைச் சேவைகள் வந்தன. வீட்டில் தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் அங்குள்ள படி தப்பும். இது பெரிய நன்மை. ஆனால் அதை மட்டுமே நம்பலாகாது.

மைஸ்பேஸ் இணையதளத்தில் 2003 முதல் 2015 வரை இளம் இசைக்கலைஞர்கள் பலர் தம் பாடல்களைப் பதிவேற்றினர். தரவுகளை வேறு கணினிகளுக்கு மாற்றும்போது அவை அழிந்துவிட்டன என்ற செய்தி 2019இல் வெளியாயிற்று. பலரிடம் வேறு படி இல்லை. ஆய்வுக்காக முன்னரே சிலர் பதிவிறக்கி வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் பின்னர் இணைய ஆவணக் காப்பகத்தின் வழியாக வெளிவந்தன. புறத்திரட்டு வளையாபதிக்குச் செய்ததை இங்கே அந்த ஆய்வாளர்கள் செய்தனர்.

ஒத்திசைவு என்பதையும் காப்புநகல் என்பதையும் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். ஒத்திசைவில், கணினியில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அது அழியும். பிழையாகத் திருத்திச் சேமித்தால் அங்கும் பிழையான வடிவமே சேரும். பழைய வடிவங்களையும் வைத்திருக்கும் வசதி இருந்தால்தான் அது காப்புநகலாகும். 2017 மே மாதத்தில் பரவிய வானாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள் கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கின்றன. கணினியுடன் எப்போதும் இணைந்தே இருக்கும் வெளி வன்தட்டையும் அவை பூட்டக்கூடும். ஆகவே ஒரு படியாவது இணைப்பைக் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தமிழ்க் கோப்புகளின் தனிச் சிக்கல்

தமிழில் எழுதியவர்களுக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. 1990களில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தாம், தாப் ஆகியவை தரப்படுத்தும் முயற்சிகள். பின்னர் ஒருங்குறி எங்கும் பரவிச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது.

எனினும் அக்காலத்தில் எழுதப்பட்ட கதைகளும் ஆய்வேடுகளும் பழைய குறியீட்டிலேயே பலர் வீட்டில் குறுவட்டுகளில் கிடக்கின்றன. கோப்பு அழியவில்லை, ஆனால் படிக்க முடியவில்லை. அவற்றை எழுத்துரு மாற்றியின் உதவியால் ஒருங்குறிக்கு மாற்றிப் புதிய கருவியில் சேமிப்பது, சிதையும் ஏட்டைப் புதிய ஓலையில் எழுதுவதற்கு நிகரான பணி. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி இன்று அரிதாகிவிட்டது. குறுவட்டுக்கும் அந்த நிலை வந்துகொண்டிருக்கிறது.

மூன்று, இரண்டு, ஒன்று

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக், இந்த அனுபவங்களையெல்லாம் எளிய விதியாகச் சொல்லிப் பரப்பினார். அது '3-2-1 விதி' எனப்படும்.

3 – ஒவ்வொரு கோப்புக்கும் மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள் இருக்க வேண்டும்.
2 – அவை இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும்.
1 – அவற்றுள் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு மாணவர் தம் ஆய்வேட்டை மடிக்கணினியில் ஒன்றும், வெளி வன்தட்டில் ஒன்றும், மேகச் சேவையில் ஒன்றுமாக வைத்தால் இவ்விதி நிறைவேறும். மேகச் சேவை இல்லாதவர் வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து வைத்து, அவ்வப்போது புதுப்பிக்கலாம். மடிக்கணினியையும் வெளி வன்தட்டையும் ஒரே பையில் எடுத்துச் செல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். அது ஹெமிங்வேயின் பெட்டி.

2011 முதல் மார்ச் 31ஆம் நாள் உலகக் காப்புநகல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. படி எடுப்பதற்கு மட்டுமன்றி, முன்பு எடுத்த படியைச் சோதிப்பதற்கும் அது ஏற்ற நாள். காப்புநகலிலிருந்து ஏதேனும் ஒரு பழைய கோப்பை எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, கடைசிப் பக்கம் வரை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். கார்லைல் முதல் பாகத்தை மறுபடி எழுதி முடிக்க மாதங்கள் ஆயின.