திவாலானாலும் வீடு மிஞ்சுமா?

கடன் கொடுத்தவர் கடனாளியின் வீட்டை ஜப்தி செய்யலாமா? கூடாது என்று 1839 ஜனவரியில் சட்டம் போட்டது டெக்சாஸ். அன்று அது தனி நாடு.

1837-ல் அமெரிக்காவில் பல வங்கிகள் நொடித்தன. கடனில் மூழ்கியவர்கள் குடும்பத்தோடு டெக்சாசுக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் அங்கேயே தங்க வேண்டுமானால் வீடு நிலைக்க வேண்டும். எனவே 50 ஏக்கர் நிலம் அல்லது ஊருக்குள் ஒரு மனை, அதிலுள்ள 500 டாலருக்கு மிகாத வீடு ஆகியவற்றை யாரும் தொட முடியாது என்றானது.

மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. 1898-ல் வந்த அமெரிக்கத் திவால் சட்டமும் மாநிலங்களின் இந்த விலக்குகளை ஏற்றது. அதனால்தான் இன்றும் திவால் மனு கொடுப்பவரின் வீடு தப்புவது பெரும்பாலும் அவர் வாழும் மாநிலத்தைப் பொறுத்தது. ஆனால் வீடு வாங்கவே எடுத்த கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தவணை கட்டாவிட்டால் வீடு போய்விடும்.