கூலியும் காலமும்

சரக்கைக் கொண்டு சேர்ப்போனுக்கு என்றும் இரு கவலைகள் உண்டு. ஒன்று கூலி, மற்றொன்று காலம். கூலியைக் குறைத்தால் காலம் நீளும். காலத்தைச் சுருக்கினால் கூலி ஏறும். சென்னையின் தென்புறத்து வரலாற்றை இவ்விரண்டின் வழக்காகவே நான் காண்கிறேன்.

முதலில் நீர்வழி. 1806-இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய், பிற்காலத்தில் வடக்கே ஆந்திர நாட்டிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. 1877, 78-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியற்ற மக்களைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் வாய்த்தது.

அந்நீரில் உப்பும் சவுக்கு விறகும் வந்தன. காற்றிருந்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பர். மெல்ல வந்தால் என்ன? உப்பு வாடுவதில்லை, விறகு அழுகுவதில்லை.

பின்னர் இருப்புப்பாதை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயிலே வந்துவிட்டது. ஆனால் தெற்கே செல்வது மீட்டர் பாதை. வடக்கே செல்வது அகலப் பாதை. என் தந்தையார் தாம்பரத்தில் மளிகைக் கடை நடத்தினார். வடக்கிலிருந்து வரும் பருப்பு மூட்டை சென்னையில் இறக்கப்பட்டு, வேறு வண்டியில் ஏற்றப்படும். கட்டணம் குறைவுதான். ஆயினும் கொக்கி பட்டுச் சாக்கு கிழியும், நாளும் தள்ளிப்போகும். ஒருமுறை தீபாவளிச் சரக்கு, தீபாவளி கழிந்து வந்தது. கூலி மிச்சம் என்று எவர் மகிழ்வார்? அன்றுமுதல் அவர் லாரிக்கு மாறினார். கூடிய கூலியைப் பருப்பு விலையில் சிறிது ஏற்றினார். வாடிக்கைக்காரர் முணுமுணுத்தனர், ஆனால் கடையை விட்டுப் போகவில்லை.

ஊரும் அவ்வாறே மாறிற்று. 1960-களின் புயல்களுக்குப் பின் படகுகள் அருகின. 1990-களில் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. 2004-இல் தாம்பரம் வரையிலான மீட்டர் பாதையும் ஓய்ந்தது. பாதைகள் ஒன்றானதால் மூட்டை மாற்றும் தொல்லை நீங்கியது, நன்மையே. ஆனால் கால்வாய் போனதில் ஓர் இழப்பு உண்டு. விரைவு வேண்டாத செங்கல்லும் மணலும், விரைவு வேண்டும் கீரையோடும் பாலோடும் இன்று ஒரே சாலையில் நெருக்குகின்றன. அவசரமற்ற சரக்கும் அவசரத்திற்குரிய கூலியைத் தருகிறது. அக்கூலியை முடிவில் கொடுப்பவர், சிறு வீடு கட்டுவோரும் காய் வாங்குவோருமாகிய நாமே.

வாடும் பொருளுக்கு ஒரு வழி, வாடாப் பொருளுக்கு ஒரு வழி என்று நம் முன்னோர் வைத்திருந்தனர். புதுவழி திறக்கும்போது பழைய வழியை மூடத்தான் வேண்டுமா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.