கணப்படுப்பின் மரமும் ஒரு கித்தாரும்

குளிர்நாடுகளில் வீட்டுக் கூடத்தின் நடுச்சுவரில் கணப்படுப்பு ஒன்று இருக்கும். அதன் மேல்விளிம்பில் தடித்த மரச்சட்டம் ஒன்றைப் பதித்து, அதன்மீது கடிகாரமும் குடும்பப் படங்களும் வைப்பது அவர்கள் வழக்கம். நூறாண்டு கடந்த அப்படிப்பட்ட சட்டம் ஒன்று, இலண்டனை அடுத்த பெல்தம் என்னும் ஊரில், 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரு தந்தையின் கைக்கும் அவருடைய ஒரே மகனின் கைக்கும் வந்து சேர்ந்தது. நண்பர் ஒருவர் வேண்டாமென்று கழித்துவிட்ட மகோகனி மரம் அது. பூச்சி அரித்த துளைகளும் அதில் இருந்தன. தந்தையின் பெயர் ஹெரால்டு மே. வானூர்தி அமைச்சகத்தில் வரைபடக் கலைஞராகப் பணியாற்றியவர். மகன் பிரையன் மேக்கு அப்போது வயது 16. அந்த மரத்திலிருந்து இருவரும் ஒரு மின்கித்தார் செய்யத் தொடங்கினார்கள்.

மின்கித்தாரின் வரலாறே ஒருவகையில் தனிமனிதர்களின் கைவேலை வரலாறுதான். 1931-இல் ஜார்ஜ் போசாம்ப் என்பவர் அமெரிக்காவில் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்டு, எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் கருவியைச் செய்து காட்டினார். பார்ப்பதற்குப் பொரிக்கும் சட்டிபோல் இருந்ததால் அக்கருவிக்குச் 'சட்டி' என்றே பட்டப்பெயர் வந்தது. பத்தாண்டுகளுக்குள் லெஸ் பால் என்னும் இசைக்கலைஞர், நியூயார்க்கில் எபிபோன் நிறுவனத்தின் தொழிற்கூடம் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சென்று, நாலங்குலச் சதுரக் கட்டை ஒன்றின்மேல் தந்திகளைப் பூட்டினார். 'கட்டை' என்றே அதற்குப் பெயர். கட்டையை மட்டும் ஏந்தி மேடையேறியபோது கேட்டவர்கள் முகம் சுளிக்கவே, பழைய கித்தாரின் இரு பக்கங்களையும் அறுத்து அதற்குச் சிறகுபோல் ஒட்டினார். ஒலியில் மாற்றமில்லை, பார்வைக்குக் கித்தாராகிவிட்டது, கைதட்டலும் வந்தது. மனிதர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் கேட்பதே மிகுதி போலும்!

பெல்தமுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் பிரிட்டன், அமெரிக்க இசைக்கருவிகள் நாட்டுக்குள் வருவதை 1951 முதல் தடுத்திருந்தது. 1959-இல்தான் அத்தடை நீங்கியது. அவ்வாண்டில், நம் லக்னோவில் பிறந்த பாடகர் கிளிப் ரிச்சர்டு, தம் குழுவின் கித்தார் கலைஞர் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து பெண்டர் கித்தார் ஒன்றைத் தருவித்தார். ஆங்கில இளைஞர் கூட்டம் முழுவதும் அக்கருவியைக் கண்டு ஏங்கிற்று. பிரையனும் ஏங்கியவர்களுள் ஒருவர். ஆனால் அதன் விலை நூறு பவுண்டுக்கும் மேல். அரசு ஊழியர் ஒருவரின் குடும்பம் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகையன்று. வாங்க இயலாததைச் செய்துகொள்வது என்பது அந்த வீட்டுக்குப் புதிதும் அன்று. வானொலிப் பெட்டியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும்கூட ஹெரால்டு தம் கையாலேயே செய்தவர். மகனுக்கு வான்மீன்களில் ஆவல் பிறந்தபோது, இருவரும் சேர்ந்து ஒரு தொலைநோக்கியையே அமைத்துவிட்டார்கள்.

வீட்டின் ஓர் அறை பட்டறையாயிற்று. நம் வீணைக்குத் தண்டி, குடம், மெட்டு, குதிரை என்று உறுப்புகள் உண்டல்லவா? கித்தாருக்கும் அவையே, ஆகவே அச்சொற்களாலேயே சொல்கிறேன். தண்டியைக் கணப்படுப்பின் மரத்திலிருந்து, பெரும்பாலும் பேனாக்கத்தியால், கையாலேயே செதுக்கி எடுத்தார் பிரையன். பூச்சி அரித்த துளைகளில் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். தண்டி வழக்கத்தைவிடத் தடிமனாக அமைந்துவிட்டது. அந்தக் கைக்கு அதுவே பழகியும்விட்டது. குடத்தின் நடுப்பகுதிக்குப் பழைய மேசை ஒன்றின் ஓக் மரம், சுற்றிலும் ஒட்டுப்பலகை, மேலே மகோகனியின் மெல்லிய தகடு. ஓரங்களுக்கு, அலமாரித் தட்டுகளின் விளிம்பில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. மெட்டுகளுக்கிடையே இடம் காட்டும் புள்ளிகளுக்கு, அம்மாவின் தையற்பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

மெட்டுகள் 24. நம் வீணையிலும் 24 மெட்டுகளே என்பது இங்கு நினைக்கத் தக்கது. இரண்டு எட்டுச் சுரத் தொகுதிகளுக்கு ஒரு தந்தி இடம் தரவேண்டுமானால் கணக்கு அப்படித்தான் வரும். நம் வீணைத் தச்சர் மெழுகின்மேல் மெட்டுகளை நிறுத்திக் காதால் சரிபார்க்கிறார். கித்தாரில் அவற்றை மரத்தில் அறுத்துப் பதித்துவிடுவதால், பிறகு நகர்த்த இயலாது. முன்னரே கணக்கிட்டாக வேண்டும். பிரையன் தந்தியின் நீளத்தை 24 அங்குலமாகக் கொண்டார். அரைச்சுரம் ஒன்று ஏறும்தோறும் தந்தியின் நீளம் 1.0595 என்னும் எண்ணால் வகுபட வேண்டும். அவ்வாறாயின் முதல் மெட்டு, தலைமுனையிலிருந்து ஏறத்தாழ 1.35 அங்குலத்தில் விழும்; பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 12 அங்குலத்தில்; இருபத்துநான்காவது 18 அங்குலத்தில். ஒரு மயிரிழை பிசகினாலும் அந்தச் சுரம் ஆயுள் முழுதும் பிசகிய சுரம்தான்.

தந்தையின் அறிவு மிகுதியாக வெளிப்பட்டது, சுரத்தை நடுங்கச் செய்யும் நெம்புகோல் அமைப்பில் எனலாம். கடைகளில் விற்ற கித்தார்களில் அந்தக் கோலை அழுத்தி விட்டால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை. உராய்வே இதற்குக் காரணம் என்று இருவரும் கண்டார்கள். எனவே எஃகுத் தகடு ஒன்றின் விளிம்பைக் கத்திமுனைபோல் தீட்டி, அந்த முனைமேல் முழு அமைப்பும் தராசுபோல் ஆடும்படி செய்தார்கள். ஒருபுறம் ஆறு தந்திகளின் இழுவிசை. மறுபுறம் அதற்கு ஈடாக இரண்டு சுருள்வில்கள். அவை 1928-ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு வில்கள்! குதிரையில் தந்திகள் உரசாதிருக்க, ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு உருளை. நெம்புகோலோ, மிதிவண்டியில் பை தாங்கும் கம்பியிலிருந்து எடுத்தது; அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசியின் முனை. இரண்டு ஆண்டுகள் நீடித்த இந்த வேலைக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 8 பவுண்டு என்று பிரையன் கூறுவதுண்டு.

எல்லாம் முதல் முயற்சியிலேயே அமைந்துவிட்டது என்று எண்ண வேண்டா. அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்-அப்புகளையும் முதலில் தாமே செய்தார். பொத்தான் வடிவக் காந்தங்களை வாங்கி, மெல்லிய செப்புக்கம்பியைச் சுற்றிப் பூட்டினார். ஒலி வந்தது, நல்ல ஒலியும்கூட. ஆனால் விரலால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை வளைக்கும்போதெல்லாம் ஒரு கரகரப்பு எழுந்தது. காந்தங்களின் வட தென் முனைகள் அமைந்திருந்த முறையே அதற்குக் காரணம். கம்பியை வளைத்து அழவைப்பதுதான் இந்த இசையின் உயிர் என்றிருக்க, அந்த இடத்திலேயே குறை! முடிவில் பர்ன்ஸ் நிறுவனத்தின் 'டிரைசோனிக்' பிக்-அப்புகள் மூன்றை விலைகொடுத்து வாங்கினார். வாங்கியதையும் அப்படியே விட்டுவிடவில்லை. சுருள்கள் தாமே அதிர்ந்து கிறீச்சிடாதபடி அரால்டைட் பசையை ஊற்றி இறுக வைத்தார்.

பிற கித்தார்களில் காணாத இன்னொன்றையும் அமைத்தார். பிக்-அப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறு விசைகள். ஒன்று அதனை இயக்கவும் நிறுத்தவும். மற்றொன்று அதன் மின்னோட்டத்தின் திசையை மாற்றவும். இரண்டு பிக்-அப்புகள் ஒரே திசையில் இயங்கினால் ஒலி ஒன்றோடொன்று கூடித் தடிக்கும். எதிரெதிர்த் திசையில் இயங்கினால் அடிப்படைச் சுரம் பெரிதும் கழிந்துபோய், மேற்சுரங்கள் மட்டும் மெலிந்து கூர்மையாய் ஒலிக்கும். மூன்றே பிக்-அப்புகளிலிருந்து பலவேறு குரல்களை எழுப்ப முடிந்தமைக்கு இதுவே காரணம். குடத்தை முழுத்திண்மையாக விடாமல் உள்ளே வெற்றிடங்கள் விட்டதும் வேண்டுமென்றே செய்ததுதான். ஒலிபெருக்கியிலிருந்து எழும் ஒலி மரத்தை மீண்டும் அதிரச் செய்ய, தந்தி ஓயாமல் பாட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வயலினில் இருப்பதுபோல் முகப்பில் ஒரு துளை வெட்டுவதாகவும் திட்டம் இருந்தது. அது மட்டும் வெட்டப்படவில்லை.

செம்பழுப்பு நிறத்தால் 'சிவப்புச் சிறப்பு' என்று பெயர் பெற்ற கருவி இது. மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் வில்லை வேண்டாமென்று, ஆறு பென்சு நாணயத்தையே பிரையன் கையாண்டார். அந்நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்த பின்னும் அவர் அதை விடவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இது திறமைமிக்க ஒரு குடும்பத்தின் கதை மட்டுமே. பிரையன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலில் 1968-இல் பட்டம் பெற்று, ஞாயிற்றைச் சூழ்ந்து பரவியிருக்கும் விண்தூசி பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். அதே காலத்தில் நண்பர்களோடு இசைக்குழுவும் வளர்ந்தது. அக்குழுவே 'குயின்'. அதன் பாடகர் பிரெடி மெர்க்குரி, சான்சிபாரில் பிறந்து நம் நாட்டுப் பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்பை மேற்கொண்ட பார்சி இளைஞர். 1973-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1974-ஆம் ஆண்டளவில் ஆய்வு நின்றது. ஏறத்தாழ முடியும் தறுவாயிலிருந்த ஆய்வை விட்டுவிட்டு, பாட்டுக்குழுவோடு மகன் ஊர் ஊராகச் சென்றதைத் தந்தையால் ஏற்க முடியவில்லை. இத்தனை ஆண்டுப் படிப்பும் வீண் என்று அவர் மனம் நொந்தார். இருவருக்குமிடையே சில காலம் பேச்சே அற்றுப்போயிற்று.

எந்தக் கருவியை இரண்டு ஆண்டுகள் மகனோடு தோளுரசி நின்று அங்குலம் அங்குலமாகச் செய்தாரோ, அந்தக் கருவியே மகனைத் தம்மிடமிருந்து பிரித்தது என்று ஹெரால்டு எண்ணியிருக்கக்கூடும். அவரைக் கண்டிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. போர்க்காலத்தைக் கடந்து, சிக்கனமாய்க் குடும்பம் நடத்தி, மகனைப் பெரும் கல்லூரியில் சேர்த்தவர். அவருக்குக் கித்தார் என்பது ஓய்வுநேரக் கைவேலை, கல்வியே வாழ்வு. வீடு சந்திக்கச் செல்லும்போது ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து அமர்ந்திருக்கும் தந்தையரையும் மகன்களையும் நான் காண்பதுண்டு. அவர்களுள் எவரும் தீயவர் அல்லர். மகனுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தருகிற தந்தை, அவன் அதில் ஏறி எங்கே போவான் என்று அன்று நினைத்துப் பார்ப்பதில்லை. மகனையும் நான் முழுதும் குற்றமற்றவர் என்று சொல்லமாட்டேன். தந்தையின் அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இளமைக்கு எங்கே நேரம்?

1975-இல் 'போஹீமியன் ராப்சடி' பிரிட்டனின் இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. கணப்படுப்பின் மரம் உலகமெங்கும் ஒலித்தது. தந்தை அசையவில்லை. 1977-இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் குழு இசைக்கவிருந்தபோது, மகன் பெற்றோர் இருவரையும் கான்கார்டு விமானத்தில் அங்கே வரவழைத்தார். அந்த விமானத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாத மூடுபனியிலும் விமானம் பத்திரமாய்த் தரையிறங்க உதவும் கருவிகளை உருவாக்கும் பணியில் ஹெரால்டு ஈடுபட்டிருந்தார். கான்கார்டுக்கான வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அதில் ஒருமுறையேனும் அவர் பறந்ததில்லை. மகனின் கித்தாரைச் செய்துவிட்டு அதன் கச்சேரியை ஏற்காதிருந்தவர், தாம் உழைத்த விமானத்திலும் ஏறாதவராகவே இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

அன்றிரவு அரங்கு நிரம்பி வழிந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஹெரால்டு மகனிடம் வந்து கையைப் பற்றிக் குலுக்கினார். இப்போது எனக்குப் புரிகிறது என்னும் பொருள்படச் சில சொற்களே சொன்னார். பிற்காலத்தில் நேர்காணல்களில் இதனை நினைவுகூரும்போதெல்லாம், பிரையன் அந்தச் சில சொற்களுக்கு மேலாக எதையும் சேர்ப்பதில்லை.

ஹெரால்டு மே 1988-இல் காலமானார். அதன்பின் நிகழ்ந்தவற்றை அவர் காணவில்லை. 1998-இல் தேய்ந்துபோன கருவியை ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் பிரையர் செப்பனிட்டார். 2002-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள், அரசியாரின் பொன்விழாவின்போது, பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று பிரையன் அதே கருவியில் நாட்டுப்பண்ணை இசைத்தார். பிறகு, தம் 60-ஆம் வயதில், முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கிடப்பில் கிடந்த விண்தூசி ஆய்வைத் தூசிதட்டி எடுத்து எழுதி முடித்து, 2007-இல் முனைவர் பட்டம் பெற்றார். தந்தை கேட்டது இதைத்தான்; கேட்டவர் மறைந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கருவி இன்றும் அவர் கையில் இருக்கிறது. துளைகளை அடைத்த தீக்குச்சிகளோடுகூட, அந்தத் தண்டி அறுபது ஆண்டுகளாக ஆறு தந்திகளின் இழுவிசையைத் தாங்கி நிற்கிறது. முகப்பில் வெட்டுவதாகத் தந்தையும் மகனும் குறித்திருந்த அந்தத் துளை இன்றுவரை வெட்டப்படவில்லை.