மங்கல் கொத்தாக்கம் (கட்டிகளை வகைப்படுத்துதல்)

மரபணுக்கள் எந்த அளவில் செயல்படுகின்றன என்பதைக் கொண்டு புற்றுநோய்க் கட்டிகளை இனம்பிரிக்கும் கணக்கீட்டு முறை; 'ஃபஸ்ஸி' முறை என்றும் வழங்கும். சாதாரணக் கொத்தாக்கத்தில் ஒரு கட்டி ஒரு கொத்தில்தான் இருக்கும். இதிலோ ஒன்றில் 0.7, மற்றொன்றில் 0.3 எனப் பங்கு பெறலாம். பங்குகளின் கூட்டுத்தொகை 1.

மங்கல் கணக் கோட்பாட்டை லோட்ஃபி ஸாதே 1965இல் வெளியிட்டார். அதைக் கொத்தாக்கத்துக்கு முதலில் கொணர்ந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ரஸ்பினியின் 1969ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பலர் தொடக்கமாகக் கொள்வர். பெல்மன், கலாபா, ஸாதே மூவரும் 1966இல் எழுதியதைச் சுட்டுவோரும் உளர். இன்று பரவலாக உள்ள 'சி-மீன்ஸ்' வடிவம் டன் (1973), பெஸ்டெக் (1981) வழி வந்தது.

இந்தியாவில் இத்துறையின் முக்கிய மையங்களுள் ஒன்று கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம். அங்கு தொடக்ககாலத்தில் பிரிக்கப்பட்டவை கட்டிகள் அல்ல, தெலுங்கு உயிரொலிகள். சங்கர் கே. பால், தத்தா மஜும்தார் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வோடு தொடர்புடைய தொகுப்பில் 871 ஒலிகள் உள்ளன. உச்சரித்தவர்கள் 30 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண்கள் மூவர். ஒவ்வோர் ஒலிக்கும் மூன்று அதிர்வெண் அளவுகள், வகைகள் ஆறு. அண்டை உயிரொலிகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் கறாரான கோடு இழுக்க முடியவில்லை. அம்மூவரின் குரல் பிந்தைய பல கொத்தாக்க முறைகளுக்கும் உரைகல்லாயிற்று. அதே கழகத்தின் நிகில் ஆர். பால், பெஸ்டெக்குடன் சேர்ந்து 1995இல், மங்கலின் அளவைக் குறிக்கும் எண்ணை 1.5க்கும் 2.5க்கும் இடையில் வைக்கப் பரிந்துரைத்தார்.

புற்றுநோய் வகைப்பாட்டில், 1999இல் கோலப் குழுவினர் 38 ரத்தப் புற்றுநோய் மாதிரிகளை 6,817 மரபணுக்களைக் கொண்டு, மங்கல் சாராத முறையொன்றால், இரு கொத்தாக்கினர். ஒன்றிலிருந்த 25இல் 24 லிம்ஃபாய்டு வகை. மற்றதிலிருந்த 13இல் 10 மைலாய்டு வகை. பக்கம் மாறி விழுந்தவை நான்கே. மங்கல் முறையினரின் அக்கறை இத்தகைய நான்கின் மீதுதான்.

2003இல் தெம்பேலே, காஸ்ட்னர் இருவரும் மங்கலின் அளவெண்ணாக வழக்கமாக வைக்கும் 2, மரபணுத் தரவுகளுக்குப் பொருந்தாமல் போகலாம் எனக் காட்டினர். அப்போது எல்லாப் பங்குகளும் ஏறத்தாழச் சமமாகிவிடும். பின்னர் சங்கமித்ரா பந்தியோபாத்யாய், உஜ்வல் மௌலிக் முதலியோர் இம்முறையைப் படிவளர்ச்சி வழிமுறைகளோடு இணைத்தனர்.

0.6 என்ற பங்கு, கட்டியில் உண்மையிலேயே இருவகைச் செல்கள் கலந்திருப்பதைக் குறிக்கிறதா, கணக்கின் தயக்கத்தை மட்டுமா என்பது விவாதத்துக்குரியது. தனிச்செல் ஆய்வுகள் இதற்கு விடைதரக்கூடும் என்பர்.